அம்பு ஸ்டிக்கர்

டேமேஜ் பீஸ் புது ஆல்பம் விட்டு நாலு நாள்.
ஒன்பது பாட்டு, இருபத்தாறு நிமிஷம்.
அவினாசி ரோட்டுப் பேக்கரியில்
அதற்குள் ரெண்டு கட்சி.

"முடிஞ்சுது போ, இவனுங்க கதை" என்கிறான் லோகு.
அவனுக்கு முதல் ஆல்பம்தான் ஆல்பம்.
சோமனூரில் ஒரு தறிக்குடோன்,
ஞாயிற்றுக்கிழமை ஓடாது என்று நம்பி
மைக்கைக் கட்டி உட்கார்ந்தால்
பக்கத்துச் செட்டில் மூன்று தறி.
அந்தச் சத்தத்தோடேயே வெளியே வந்தது.
"தறி ஒருக்கா அடிச்சா இவனுங்க ரெண்டு அடி அடிப்பானுங்க.
அது பாட்டு.
இது நமுத்த பப்ஸாட்டம் இருக்குது."

ரிஸ்வானா விடவில்லை.
"உனக்கு மட்டும் வயசாகலாம், பொன்னரசுக்கு ஆகக் கூடாதா?
இருபதுல ஹாஸ்டல் வார்டனைத் திட்டிப் பாடினான்,
இருபத்தெட்டுல வண்டி டியூவைப் பாடறான்.
அந்த மூணாவது பாட்டைக் கேட்டுட்டு
எங்கண்ணன் ஃபைனான்ஸ்காரன் போனை எடுத்துட்டான், தெரியுமா?
மூணு மாசத்துக்கப்பறம்!"

ஜிதேன் எங்கள் கம்பெனியில் ஓவர்லாக்.
கட்டாக்கிலிருந்து வந்து ஆறு வருஷம்.
கோரஸ் மட்டும் பிசகாமல் பாடுவான்,
அர்த்தம் கேட்டால் சிரிப்பான்.
அவன் கருத்து:
"பேஸ் கம்மி. சோகம் ஜாஸ்தி."

"அந்த வயலின் எதுக்குங்க?"
கல்லாவிலிருந்து பேக்கரிக்காரரும் கேட்டுவிட்டார்.
அவர் ஒரு பாட்டும் கேட்டதில்லை.
நாலு நாளாக எங்களைக் கேட்டிருக்கிறார்.

நான் செக்கிங்.
நாளைக்கு எண்ணூறு பீஸ், டியூப்லைட்டுக்குக் கீழே.
ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது, ஷேடு மாறியது,
எங்கே தப்போ அங்கே சிவப்பாய் ஓர் அம்பு ஸ்டிக்கர்.
தள்ளிய பீஸெல்லாம் கிலோக் கணக்கில் காதர்பேட்டை போகும்.
அங்கேதான் இந்தப் பேண்டும் டீஷர்ட் எடுக்கிறது.
ஓட்டையைச் சுற்றித் தன் பெயரை அச்சடித்து
எனக்கே ஒன்றை இருநூறு ரூபாய்க்கு விற்றது.
காலரில் என் அம்பின் பசை
இன்னும் பிசுபிசுவென்று இருந்தது.

புது ஆல்பத்தையும் செக்கிங் காதோடுதான் கேட்டேன்,
காலை டவுன் பஸ்ஸில், ஜன்னலோரம்.

முதல் பாட்டு சுத்தம்.
ரெண்டாவதும்.
மூன்றில் டியூ தேதியன்று சாமி கும்பிடுகிற வரி,
நல்ல வரி, ஆனால் அயர்ன் போட்டுவிட்டார்கள்.
நாலு, ஐந்து, ஆறு
பெங்களூர் ஸ்டுடியோ ஒரு நூல் பிசிறு விடவில்லை.
பையர் பார்த்தால் அப்படியே பாஸ் பண்ணுவார்.
எனக்குக் கை சும்மா இருப்பது
என்னமோ போலிருந்தது.

ஏழாவது பாட்டு. நொய்யல் பாலத்து மேலே.
கிட்டார் நிற்கிறது.
"ஊட்டுக்கு" என்று பொன்னரசு எடுக்கிறான்,
குரல் உடைகிறது, ஓர் இருமல்,
எங்கேயோ தள்ளி யாரோ
"மறுக்காப் போலாம்டா" என்கிறார்கள்.

மறுக்காப் போகவில்லை.
டிரம்ஸ் வந்துவிடுகிறது,
அந்த வார்த்தை பாதியிலேயே கிடக்க.

சுடிதார் ஓரத்தில் நேற்றைய அம்பொன்று
ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.
போன் திரையில் ஒட்டினேன்,
ரெண்டு நிமிஷம் பதினோரு செகண்டில்.
பாட்டு நகர்ந்தது, அம்பு நகரவில்லை.
அழைப்பு வந்தபோது அது
சூப்பர்வைசர் பெயரைக் காட்டியது.
பத்து நிமிஷம் லேட்.

சாயங்காலம் பேக்கரியில் சொன்னேன்.
"வெட்ட மறந்திருப்பானுங்க" என்றான் லோகு.
"வேணும்னேதான் வெச்சிருக்கான்" என்றாள் ரிஸ்வானா.
அதற்கொரு அரை மணி நேரம், ரெண்டு ரவுண்டு டீ.
ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூர் ஷோவுக்கு
லோகு முந்தின நாளே டிக்கெட் எடுத்துவிட்டது
அப்போதுதான் வெளியே வந்தது. அதுவும் முதல் வரிசை.

நான் யாரிடமும் சொல்லாதது ஒன்றுண்டு.
மத்தியானம் ஓவர்லாக் வரிசைப் பக்கம் போனேன்.
பெடலை மிதித்தபடி ஜிதேன் பாடிக்கொண்டிருந்தான்,
ஏழாவது பாட்டு,
ஒன்றும் விடாமல்.
அந்த இருமலையும் சேர்த்து.